விபத்து எங்கே நடக்கும் என்பது ஊருக்குத் தெரியும்

நான்குவழிச் சாலையை ஒட்டிய ஊர்களிலிருந்து எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர், சொசைட்டிக்குப் பால் ஊற்றவோ பிள்ளையைப் பள்ளியில் விடவோ இருசக்கர வண்டியில் புறப்பட்டவர்கள். விழுந்த இடத்தைக் கேட்டு எழுதிவந்தால், அதே வளைவும் சாலை பிரியும் அதே இடமும் மீண்டும் மீண்டும் வருகின்றன. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

காவல் நிலையப் பதிவில் வழக்கானவை மட்டுமே இருக்கும். முழங்கை சிராய்ந்து எழுந்துபோனவர்கள் அதில் இல்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் கோலமாவைக் கொடுத்து ஊர்ச் சாலையை வரையச் சொன்னபோது, பேருந்திலிருந்து பிள்ளைகள் இறங்கும் இருட்டு முனையையும், சீமைக் கருவேலம் மறைக்கும் திருப்பத்தையும், அறுவடைக் காலத்தில் உளுந்தங்கொடி பரப்பும் இடத்தையும் பெண்கள் தயங்காமல் குறித்தார்கள்.

அந்த உளுந்தங்கொடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டிச் சக்கரங்களில் மிதிபட்டு மணி உதிரட்டும் என்று சாலையின் பாதியில் பரப்பி, ஓரம் கட்டக் கருங்கற்களை வைக்கிறார்கள். காய்ந்த கொடியில் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். பயறை அள்ளிக்கொண்டு போன பிறகும் கற்கள் அங்கேயே கிடப்பதால் இரவில் வருபவர் அவற்றில் மோதி விழுகிறார். விவசாயியைத் திட்டிப் பயனில்லை, ஏனெனில் அவருக்குக் களம் இல்லை அல்லது இருக்கும் களம் பெயர்ந்து கிடக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் உலர்களம் அமைக்க வழியிருக்கிறது. அது அமையும்வரை, கற்களை அன்று மாலையே அகற்றும் பொறுப்பை ஊரே ஏற்க வேண்டும். எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவதும் இப்படித்தான்: திரும்பும் இடம் வெகு தொலைவில் இருக்கும்வரை அபராதத்தால் மட்டும் அது நிற்காது, சர்வீஸ் ரோடு வேண்டும்.

ஹெல்மெட் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது, ஆனால் வண்டிக் கண்ணாடியில் தொங்குகிறது. தாடைப் பட்டையை மாட்டாமல் அணிந்தால், விழும்போதே கழன்றுவிடும்.

விபத்து நடந்தவுடன் முதலில் ஓடிவருகிறவர் சாலையோர டீக்கடைக்காரர். அடிபட்டவருக்குச் சோடா கொடுக்காமலும், கைகால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காமலும், ரத்தம் வழியும் இடத்தில் துண்டை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்க அவருக்குப் பயிற்சி அளிப்பது பெரும் உதவி. போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற அச்சம் அவருக்கு வேண்டாம். 2019-இல் சேர்க்கப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 134ஏ உதவுபவரைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு நிர்ணயித்த தொகைவரை கட்டணமின்றிப் பெறலாம்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக்க விரும்புவோர், 'சாலைப் பாதுகாப்பு தேவை' என்று பொதுவாக எழுத வேண்டாம். கிலோமீட்டர் கல்லின் எண், அருகிலுள்ள அடையாளம், அங்கே எத்தனை பேர் விழுந்தார்கள், கேட்பது வேகத்தடையா விளக்கா என்பவற்றைக் குறிப்பிட்டு, நகலை நெடுஞ்சாலைத் துறையிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.