சர்ச் ஃபீஸை டயோசிஸ் வாங்கணுமா, பாரிஷே வாங்கணுமா?

சர்ச் ஆஃப் இங்கிலாந்து சபைகளுக்கு கணக்கு பாக்குறதுதான் என் வேலை. வருஷக் கணக்கு முடிக்கிறப்ப ட்ரஷரருங்க கேக்குறது இதுதான், கல்யாண ஃபீஸ் அடக்க ஆராதனை ஃபீஸ் எல்லாம் நாமளே, அதாவது பாரிஷே (உள்ளூர் சபை) வாங்குறதா, இல்ல டயோசிஸே (பல பாரிஷ் சேர்ந்த, பிஷப்புக்கு கீழ இருக்குற மண்டலம்) நேரா வாங்கிக்கிட்டா தொல்லை விட்டுச்சுன்னு இருக்கலாமா.

ரேட் முடிவு பண்றது பாரிஷ் இல்லீங்க. திருச்சபையோட மத்தியக் குழுவான ஆர்ச்பிஷப்ஸ் கவுன்சில் ஆர்டர் போட்டு, சட்டமன்றம் மாதிரி இருக்குற ஜெனரல் சினட் ஒத்துக்கிட்டு வர்ற சட்டக் கட்டணம் அது, அதுக்குள்ளயே ரெண்டு பங்கு, ஒன்னு பி.சி.சி.க்கு (பாரிஷோட நிர்வாகக் குழு), இன்னொன்னு டயோசிஸ் நிதி வாரியத்துக்கு. 2013க்கு முன்னாடி அந்த ரெண்டாவது பங்கு சட்டப்படி போதகரோடது, நெறைய பேரு டயோசிஸுக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. 2011ல வந்த கட்டணத் திருத்தச் சட்டம் 2013ல அமலுக்கு வந்தப்புறம் நேரா வாரியத்துக்கே சொந்தம்.

சிக்கல் எங்கன்னா, குடும்பம் ஒரே செக்கா குடுக்கும், அது அப்படியே சர்ச் அக்கவுண்ட்ல வருமானம்னு ஏறிடும், குளிர்கால கேஸ் பில்லுக்கு போயிடும், அப்புறம் டயோசிஸ் கேக்குறப்ப கையில இருக்காது. யாரும் திருடல, ஆனா அது பாரிஷ் காசே இல்ல, கொஞ்ச நாள் வச்சிருந்து அனுப்ப வேண்டிய காசு.

அப்போ சென்ட்ரலாவே வாங்கிடலாமேன்னு தோணும். அடக்க ஆராதனைக்கு அது சரியாதான் வரும், அடக்க ஏற்பாடு பண்ற ஃப்யூனரல் டைரக்டருக்கு பத்து பாரிஷுக்கு பதிலா ஒரு பில், ரிட்டயர்டு போதகர் நடத்தினா அவருக்கு சேர வேண்டியதும் அங்கயே முடிஞ்சிடும். கல்யாணத்துக்கு எனக்கு உடன்பாடு இல்ல. ஆர்கன், மணி, ஹீட்டிங், பூ இதெல்லாம் சட்டக் கட்டணத்துல சேராது, பாரிஷ்தான் தனியா வாங்கும், அப்போ ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வந்த ஜோடிக்கு ரெண்டு எடத்துல இருந்து பில் வரும், ரெண்டு தடவ ஏமாத்துறாங்கன்னே நெனப்பாங்க. (ஞானஸ்நானத்துக்கு ஃபீஸே கிடையாது, சர்டிபிகேட்டுக்கு மட்டும் கேக்கலாம்.)

இன்னொன்னு, கஷ்டப்படுற குடும்பத்துக்கு ஃபீஸ தள்ளுபடி பண்ற அதிகாரம் போதகருக்கு இருக்கு, சபையாருல இருந்து தேர்ந்தெடுத்த பொறுப்பாளர்களான சர்ச் வார்டன்கள கலந்துக்கணும் அவ்ளோதான். யாரு கஷ்டத்துல இருக்காங்கன்னு டயோசிஸ் ஆபீஸ்ல உக்காந்திருக்கவங்களுக்கு எப்படித் தெரியும்? பில் தானா போயிடும், அப்புறம் ரிமைண்டரும் போகும்.

அதனால நீங்க வாங்குறதா இருந்தா, காசு வந்த அன்னைக்கே வாரியத்தோட பங்க தனிக் கணக்குல ஏத்துங்க, வருமானத்துல சேக்காதீங்க. சட்டக் கட்டணம் ஒரு வரி, எக்ஸ்ட்ரா ஒவ்வொன்னும் ஒரு வரின்னு ஒரே சீட்டுல எழுதிக் குடுங்க. தள்ளுபடி பண்ணா தேதியோட எழுதி வைங்க, அடுத்த வருஷம் ட்ரஷரர் மாறியிருப்பாரு.