ட்ரையாஜ் என்றால் முன்னுரிமை இல்லை

அவசர சிகிச்சை பற்றிய ஆய்வுச் சுருக்கம், செவிலியர் பயிற்சிக் கையேடு, செய்திக் குறிப்பு என்று எதை எடுத்தாலும், வந்து சேர்பவர்களில் யாரை எவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று பிரிக்கும் வேலையைச் சொல்லும் ட்ரையாஜ் வரவேண்டிய இடத்தில் ‘நோயாளிகளை முன்னுரிமைப்படுத்தல்’ என்று நிற்கிறது. சொல் நீளம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொருளே தவறு, அதைப் பொறுக்க முடியவில்லை.

சொல்லின் கதை சின்னது. பிரெஞ்சில் ‘த்ரியே’ என்றால் பொறுக்கிப் பிரிப்பது. அதன் பெயர்ச்சொல் த்ரியாஜ். 18ஆம் நூற்றாண்டில் கம்பளி வியாபாரத்தோடு ஆங்கிலத்துக்குப் போயிற்று. பிறகு காப்பிக்கொட்டையில் பொறுக்கி ஒதுக்கிய நொறுங்கலுக்கும் அதே பெயர் வந்தது. மருத்துவச் சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்தது முதல் உலகப் போரில். செயல் அதற்கும் முந்தியது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் தொமினிக் ழான் லாரே, ஆபத்தான காயம் பட்டவனை முதலில் கவனி, அவன் பதவியைப் பார்க்காதே என்று வழிவகுத்தார். ‘த்ரி’ என்று தொடங்குவதால் மூன்று என்று நினைத்து ‘மூவகைப் பகுப்பு’ என்பவர்களும் உண்டு. மூன்றுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மருத்துவமனைகளில் பயன்படும் மான்செஸ்டர் ட்ரையாஜ் முறையில் வகைகளே ஐந்து.

முன்னுரிமைக்கு வருவோம். அதற்குள் ‘உரிமை’ உட்கார்ந்திருக்கிறது. தமிழில் முன்னுரிமை என்பது ஆளைப் பார்த்துக் கொடுப்பது: முதியோருக்கு, கர்ப்பிணிக்கு, மாற்றுத்திறனாளிக்கு. ரேஷன் அட்டையிலேயே முன்னுரிமை உள்ள குடும்பம், முன்னுரிமை அற்ற குடும்பம் என்று இரண்டு உண்டு. இந்தப் பழக்கத்தோடு கேஷுவால்டிக்கு வருபவர் காதில் அந்தச் சொல் விழுந்தால் என்ன கேட்பார்? ‘ரெண்டு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன், எனக்கு உரிமை இல்லையா?’ என்றுதான் கேட்பார். அப்படிக் கேட்பதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

ட்ரையாஜ் கேட்கும் கேள்வி வேறு. இந்த ஆள் எவ்வளவு நேரம் தாங்குவார்? அவ்வளவுதான். மான்செஸ்டர் முறை இதை நிமிடக் கணக்கிலேயே சொல்கிறது. சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. இது தாங்கும் நேரத்தின் அளவு. யார் எதற்குத் தகுதி என்ற பேச்சே இதில் கிடையாது.

பட்டாசு ஆலை வெடிவிபத்து போல, முப்பது பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்கும்போது ‘முன்னுரிமை’ முழுவதுமாகக் கவிழ்ந்துவிடுகிறது. 1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவான ‘ஸ்டார்ட்’ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் போகச் சொல்வார்கள், அவர்களுக்குப் பச்சை அட்டை. மீதிப் பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடையாது. மூச்சு இல்லையா, தலையை நிமிர்த்தி மூச்சுவழியைத் திறக்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் கறுப்பு, அடுத்த ஆளிடம் போக வேண்டும். திறந்ததும் மூச்சு வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினாலும் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது நகத்தை அழுத்தி விட்டதும் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்கவில்லை என்றாலும் சிவப்பு. ‘கையைத் தூக்குங்க’ என்று சொல்லிக் கேட்கவில்லை என்றாலும் சிவப்பு. இவை எல்லாம் சரியாக இருந்தால் மஞ்சள். நடுவில் செய்யலாம் என்று அனுமதித்த வேலை இரண்டுதான்: மூச்சுவழியைத் திறப்பது, பீறிடும் இரத்தத்தை நிறுத்துவது. இதில் கறுப்பு அட்டைக்காரர்தான் எல்லாரையும்விட மோசமான நிலையில் இருப்பவர். அவருக்கு முன்னுரிமை இல்லை. அவரைத் தாண்டிப் போகச் சொல்வதும் ட்ரையாஜ்தான். இதை எந்த முன்னுரிமைக்குள் அடைப்பது?

இன்னொன்று. முன்னுரிமை ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். ட்ரையாஜ் அப்படி இல்லை, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது. சர்க்கரை நோய் உள்ள அறுபது வயதுக்காரர் வியர்த்துப்போய், நெஞ்சைக் காட்டாமல் மேல்வயிற்றைத் தடவிக்கொண்டு ‘வாயுப் பிடிப்பு’ என்பார், அது மாரடைப்பாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் கையில் ஆழமில்லாத வெட்டோடு கூச்சல் போட்டுக்கொண்டிருப்பார். கூச்சல் போட்டவர் உள்ளே போவார், வியர்த்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 10 நிமிடத்துக்குள் எடுத்திருக்க வேண்டிய ஈசிஜி ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இது குறைத்து மதிப்பிட்ட பிழை. கூட்டி மதிப்பிட்டால் படுக்கை வீணாகும், குறைத்து மதிப்பிட்டால் உயிர் போகும். அதனால்தான் விபத்துக் காயங்களில் குறைத்த பிழை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கூட்டிய பிழை 25 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி வைத்திருக்கிறது.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். ‘தரம் பிரித்தல்’ மிளகாய் மண்டிக்குச் சரி. லாரே எதைப் பார்க்காதே என்றாரோ அதையே சொல்லில் ஏற்றிவைக்கிறது. ‘வடிகட்டல்’ இன்னும் மோசம். வடிகட்டினால் சக்கை என்று ஒன்று மிஞ்சும், அதைக் கொட்டிவிடுவோம். ‘வகைப்படுத்தல்’ தப்பில்லை, ஆனால் எதை வைத்து வகை என்று சொல்லாததால் நூலகத்துக்கும் பொருந்தும். உண்மையில் த்ரியே என்பதற்கு மிக நெருங்கிய தமிழ் வினை அடுப்படியில் இருக்கிறது: கீரை ஆய்தல். ஒவ்வொரு தண்டாகக் கையில் எடுத்து, பார்த்து, அதனதன் பக்கம் வைப்பது. என்ன செய்வது, ‘ஆய்வு’ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. இனி அதைக் கேஷுவால்டிக்கு அழைத்தால் குழப்பம்தான்.

ஆகவே ‘அவசரப் பகுப்பு’. எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது, எத்தனை வகை என்பது இல்லை, உரிமைப் பேச்சும் இல்லை. ‘அவசரப் பிரிப்பு’ என்றால் ‘அவசரப் பிரிவு’ என்று காதில் விழும், அதனால்தான் பகுப்பு. அவசரம் வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் ‘விரைவு’ என்பார்கள். விரைவு வேலை செய்பவரின் வேகம், அவசரம் படுத்திருப்பவரின் நிலை. ‘நெருக்கடி’ என்றால் கூட்ட நெரிசலும் சேர்ந்து வரும். வலியோடு வந்தவருக்குப் புரியாத தூய தமிழால் யாருக்கு லாபம்?

இந்த ஒரு சொல்லோடு போனால் பரவாயில்லை. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுபவர்கள் பேஷன்ட் ஃப்ளோவை ‘நோயாளி ஓட்டம்’ என்று எழுதுகிறார்கள், மருத்துவமனையை விட்டு ஓடுகிறார்கள் போலிருக்கிறது. கோல்டன் அவர் ‘பொன்னான நேரம்’ ஆகிவிட்டது, மேடையில் ‘பொன்னான நேரத்தை ஒதுக்கி வருகை தந்த’ என்பதுதான் நினைவுக்கு வருகிறது. காயம் பட்ட முதல் ஒரு மணி நேரத்தை ‘உயிர்காக்கும் முதல் மணி’ என்றால் என்ன குறை? சிஸ்டர்கள் ‘ஊசி குத்திருச்சு’ என்று தெளிவாகச் சொல்வது எழுத்தில் ‘கூர்பொருள் சார்ந்த தொழில்சார் வெளிப்பாடு’ ஆகிறது. ஊசிக்குத்து என்றே எழுதலாமே. குத்தினால் பிதுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவு, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கு என்று படிப்பவருக்கு அந்தத் தலைப்பு தடையாக நிற்கக் கூடாது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் வந்துவிட்டன. ஊழியரைத் தாக்கினால் தண்டனை என்று 2008ஆம் ஆண்டின் 48ஆம் சட்டத்தைச் சொல்லும் பலகையும் உண்டு. சண்டை மூளும் இடம் பெரும்பாலும் காத்திருக்கும் பெஞ்ச். அங்கே ‘அவசரப் பகுப்பு’ என்று தலைப்பிட்டு இவ்வளவு எழுதலாம்: ‘வந்த வரிசைப்படி அல்ல, உயிருக்கு உள்ள ஆபத்தைப் பார்த்து அழைப்போம். காத்திருக்கும்போது மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், வலி கூடினால் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.’ இடம் போதவில்லை என்று இரண்டாவது வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். மறுபடி பகுக்க வேண்டிய நேரத்தை அதுதான் சிஸ்டருக்குச் சொல்லும்.