மலடி, வந்தி, பிள்ளை வாய்க்காதவர்: ஒரு சொல் விளக்கம்

பிள்ளை கிடைக்காமற்போன வாழ்வைத் தன்வரலாறாக எழுத உட்காருபவர் முதற் பக்கத்திலேயே தடுக்கி நிற்பார். தன்னை என்ன பெயரால் சொல்வது? திருகோணமலையில் இருந்து அப்படி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும் நான் சொற்களின் வேரைத் தேடிப் போனது இதனால்தான்.

மலடு தமிழ்ச் சொல். ஈனாத பசு மலட்டுப் பசு, விளையாத நிலம் மலட்டு நிலம். பயன் தரவேண்டியது தரவில்லை என்ற முறைப்பாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் மனுசிக்கும் தூக்கிக் கொடுத்தார்கள். மலடன் என்ற ஆண்பால் அகராதியில் உண்டு, ஊர்வாயில் அதைக் கேட்பது அரிது. குறை ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், எத்தனை சோதனை செய்தும் காரணம் பிடிபடாமலும் போகலாம். ஆனாலும் ஏச்சு மட்டும் மலடிக்கே வந்து சேரும்.

வந்தி என்பது வடமொழி 'வந்த்யா'விலிருந்து வந்தது, பொருள் அதேதான். கன்னடத்தின் 'பஞ்ஜெ'யும் சிங்களத்தின் 'வந்த'வும் இதே வேரில் பிறந்தவை. ஓர் உயிரினம் பூண்டோடு அற்றுப்போவதையும் சிங்களம் 'வந்த' என்றே சொல்லும். நமக்கோ வந்தி என்றால் பிட்டுக்கு மண் சுமந்த கதையின் கிழவி. ஆவணி மூலத்தில் அவளைக் கொண்டாடுகிறோம். அவளுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எதுவென்று யாரும் கேட்பதில்லை. அவளிடம் எது இல்லையோ அதுவே பெயராக நின்றுவிட்டது. இறைவனே கூலியாளாக வந்து நின்ற வீட்டுக்காரியை இப்படியா அழைப்பது என்று எனக்கு ஆறவே இல்லை. ஒன்றைப் பெற்றபின் மறுபடி கருத்தரிக்காதவளுக்கும் பழைய நூல்களில் காகவந்தியை என்று ஒரு பெயர் உண்டு. காகம் ஒரு முறைதான் ஈனும் என்ற நம்பிக்கையில் வைத்தது. ஒரு பிள்ளையோடு நின்றுபோனவரின் துயரமும் துயரம்தான் என்பதை அந்தக் காலமே அறிந்திருக்கிறது.

சாதகம் பார்ப்பவர் புத்திர பாக்கியம், புத்திர தோஷம் என்பார். 'புத்' என்னும் நரகத்திலிருந்து மீட்பவன் புத்திரன் என்று வடமொழி நூல்கள் விளக்கம் தரும். இந்த நம்பிக்கையின் கனம் தெரியவேண்டுமானால் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகவேண்டும். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டாக்கிய கிணறுகள் என்பது ஐதீகம், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குச் சனம் இன்றும் அங்கே வரும். "உங்களுக்குக் கொள்ளி வைக்க ஆர் இருக்கினம்?" என்ற கேள்வியை அப்படியான நாட்களில்தான் அதிகம் கேட்க நேரும். பாக்கியத்துக்குத் தமிழ் பேறு. திருக்குறளின் 7ஆம் அதிகாரம் மக்கட்பேறு. நல்ல சொல், ஆனால் அதை எதிர்மறையாக்கிப் 'பேறற்றவள்' என்றால் மறுபடி சாபம் போல ஒலிக்கிறது.

மருத்துவத்துக்கு வேறு சொல் வேண்டும். கருத்தடை இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகாத நிலையை ஒரு நோய்நிலையாக உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. தம் வாழ்நாளில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் இதைச் சந்திப்பதாக 2023இல் அது அறிவித்தது. இதை 'மலட்டுத்தன்மை' என்று அச்சிடுவதை நிறுத்தவேண்டும். கருவுறாமை என்பதே போதும். கரு உண்டாகிக் கலைந்துபோனவருக்கு அதுவும் பொருந்தாது. "தங்கேல்ல" என்று பெண்கள் தாழ்ந்த குரலில் சொல்வார்களே, அதிலிருந்து 'கருத்தங்காமை' என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் உடலின் நிலைக்கான சொற்கள். வாழ்வுக்கு? குழந்தையின்மை என்று எழுதினால், வேண்டாமென்று முடிவெடுத்தவரும் வேண்டி வேண்டிக் கிடைக்காதவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முன்னவரில் எனக்குக் குறையொன்றும் இல்லை, ஆனால் என் கதை அதுவல்ல. இங்கேதான் வாய்த்தல் என்ற வினை கைகொடுக்கிறது. நல்ல மருமகள் வாய்த்தாள் என்கிறோம், இந்தப் போகம் மழை வாய்க்கவில்லை என்கிறோம். ஆசைப்பட்டதும் அதில் தெரிகிறது, அது நம் கையில் இருக்கவில்லை என்பதும் தெரிகிறது. குற்றம் ஒருவர் தலையிலும் ஏறுவதில்லை. 'பிள்ளை வாய்க்காதவர்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே பொருந்தும். கணவரைப் பற்றி எழுதும் இடங்களில் எனக்கு இது பெரிய ஆறுதல்.

எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மலடி என்ற சொல்லைப் புத்தகத்திலிருந்து துடைத்துவிடாதீர்கள். யார் சொன்னார்களோ அவர்கள் வாயிலேயே, மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும். கோணேசர் கோயிலடி மரத்தில் நேர்த்தித் தொட்டில் கட்டிய அத்தியாயத்தில் ஒரு மாமியின் பேச்சாக அதை அப்படியே விட்டிருக்கிறேன். வைத்தியக் குறிப்புகள் வரும் பக்கங்களில் கருவுறாமை, கருத்தங்காமை. நான் என் குரலில் பேசும் எல்லா இடத்திலும் பிள்ளை வாய்க்காதவள்.