வாலைச் சூடாக்கிப் பாம்பை மிரட்டும் அணில்

பாம்பைக் கண்டால் சின்ன விலங்குகள் ஓடித்தான் தப்பிக்கும் என்று நினைக்கிறோம். கலிஃபோர்னியாவில் வளை தோண்டி வாழும் தரை அணில் ஓடுவதில்லை. கிலுகிலுப்பை விரியனைப் பார்த்துவிட்டால் அதை நோக்கியே போகும், வாலை உயர்த்தி இப்படியும் அப்படியும் வீசும், முன்னங்காலால் மண்ணை வாரி அதன் முகத்தில் இறைக்கவும் செய்யும்.

அந்த வால்வீச்சில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடக்கிறது. டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆரன் ரண்டஸ், டொனால்டு ஓவிங்ஸ் குழுவினர் இதை வெப்பக் கேமராவில் படம்பிடித்து 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். விரியன் எதிரே இருந்தால் அணிலின் வால் சூடேறுகிறது. அதே அணிலை விஷமில்லாத கோஃபர் பாம்பின் முன்னால் விட்டால் வாலை ஆட்டுகிறது, ஆனால் சூடேற்றுவதில்லை!

காரணம் விரியனின் முகத்தில் இருக்கிறது. கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே ஒரு குழி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மூங்கில் குழிவிரியனுக்கும் இது உண்டு. குழிக்குள் மிக மெல்லிய சவ்வு ஒன்று இருபுறமும் காற்று சூழ நிற்பதால், எதிரில் உள்ள உடலிலிருந்து வரும் வெப்பக்கதிர் பட்டதுமே அது சூடாகிவிடும், உடனே அங்குள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிஏ1 என்ற புரதம் திறந்து மூளைக்குச் செய்தி போகும். (நமக்குக் கடுகின் காரத்தை உணர்த்துவதும் இந்தப் புரதம்தான்.) கண்ணிலிருந்து வரும் செய்தியும் மூளையில் அதே பகுதிக்கு வந்து சேர்வதால், விரியனுக்கு உருவமும் வெப்பமும் ஒன்றாகத் தெரிகின்றன. கோஃபர் பாம்புக்கு இந்தக் குழியே கிடையாது, அதனிடம் சூடான வாலைக் காட்டிப் பயனில்லை.

சரி, விரியனுக்கு இது உறைக்கிறதா? அதையும் சோதித்தார்கள். பாடம் செய்த அணிலுக்கு உள்ளே கருவி வைத்து, வாலைச் சூடாக்கியும் சூடாக்காமலும் ஆட்டிக் காட்டினார்கள். வால் சூடாக இருந்தபோது பாம்பு வேட்டை எண்ணத்தை விட்டுத் தற்காப்புக்கு மாறுவது அதிகமாக இருந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அணில் வெறும் பலத்தைக் காட்டவில்லை என்பதுதான். விரியன் பதுங்கியிருந்து தாக்கும் வேட்டைக்காரன், இரைக்குத் தெரியாமல் இருக்கும்வரைதான் அதற்கு வாய்ப்பு. 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்று அணில் தெரிவித்துவிட்டால் அங்கே காத்துக் கிடப்பதில் லாபமில்லை, அதனால் பல நேரம் இடத்தைக் காலி செய்துவிடுகிறது.

இவ்வளவு துணிச்சலுக்குப் பின்னால் இன்னொரு பலமும் உண்டு. வளர்ந்த அணிலின் இரத்தத்தில் விரியனின் விஷத்தை முறிக்கும் புரதங்கள் இருக்கின்றன. குட்டிகள் பாவம், உடல் சிறியது, கடிபட்டால் பிழைப்பது கடினம், விரியன் தேடி வருவதும் பெரும்பாலும் அவற்றைத்தான். குட்டிகளும் தாய்களும் பாம்பு உரித்துப்போட்ட சட்டையை மென்று அந்த வாசனையை உடம்பெல்லாம் நக்கிப் பூசிக்கொள்கின்றன.

விரியனும் சும்மா இல்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, கலிஃபோர்னியாவின் வெவ்வேறு இடங்களில் பாம்பின் விஷத்தையும் அங்கங்கே வாழும் அணிலின் இரத்தத்தையும் ஒப்பிட்டது. அந்தந்த ஊர் விரியனின் விஷம் அந்தந்த ஊர் அணிலின் எதிர்ப்பைத் தாண்டும்படியே அமைந்திருந்தது.