ஆபா எண்: கட்டாயமா, விருப்பமா?

மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு பதியும் இடத்தில் "ஆபா எண் இருக்கிறதா?" என்று கேட்டால், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் பலர் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் வெவ்வேறு. காப்பீட்டு அட்டை, தகுதியுள்ள குடும்பத்தின் சிகிச்சைச் செலவை ஏற்பது. ஆபா (ABHA, ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு) என்பது, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் 14 இலக்க எண். அதனால் பணம் ஏதும் கிடைக்காது. இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை போன்றவற்றை ஒருவர் பெயரில் இணைத்து வைக்க மட்டுமே அது உதவும்.

இந்த எண்ணைப் பெறுவது முழுக்க முழுக்க அவரவர் விருப்பம். எண் இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது திட்டத்தின் தரவுக் கொள்கையிலேயே உள்ளது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து டோக்கன் பெறும் வசதி உள்ள மருத்துவமனைகளிலும், அதைப் பயன்படுத்தத் தெரியாதவர் வழக்கமான வரிசையில் நின்று சீட்டு வாங்கலாம்.

ஆனாலும் மக்களிடம் தயக்கம் இருக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்குவது சரியன்று. முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் ஒரு பெண்ணின் ஆதாரோடு சென்னையில் வேலை பார்க்கும் மகனின் கைப்பேசி எண் இணைந்திருந்தால், ஆதார் வழியாக ஆபாவுக்குப் பதியும்போது வரும் ஓடிபி அவனுக்குத்தான் போகும். அவன் போனை எடுக்கும்வரை பதிவு நகராது. அதைவிடப் பெரிய கவலை இரகசியம் பற்றியது. வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், பெண்ணுக்குக் காசநோய் மருந்து கொடுத்த விவரம் மாமன் கையிலுள்ள போனில் தெரிந்துவிடுமோ என்று தாய் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

விதிப்படி, பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவர் அவற்றைப் பார்க்க வேண்டுமானால், எந்தப் பதிவு, எந்தக் காலத்துக்கு உரியது என்று குறிப்பிட்டு ஒப்புதல் கேட்க வேண்டும். அதை மறுக்கலாம், கொடுத்த பிறகும் திரும்பப் பெறலாம். ஆனால் அந்த ஒப்புதல் கைப்பேசி வழியாகவே கேட்கப்படுவதால், கணக்கு யார் போனில் இருக்கிறதோ அவரே உங்கள் சார்பில் முடிவு செய்துவிட முடியும். ஆகவே, ஆபாவுக்குத் தொடர்பு எண் கேட்கும்போது, இருக்குமானால் உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள். சொந்தமாகப் போன் இல்லாதவர் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை.

மருத்துவமனையில் நீங்களே நின்று பதியும்போது தவிர, போனில் அழைத்து ஓடிபி கேட்பவர் எவரானாலும் சொல்லாதீர்கள். பழைய சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்; அவற்றைக் காட்டியே சிகிச்சையைத் தொடரலாம். பின்னால் இந்த எண்ணே வேண்டாம் என்று தோன்றினால், கணக்கைச் செயலிழக்கச் செய்யவோ அடியோடு நீக்கவோ ஆபா செயலியிலேயே வழி உண்டு.