சந்தனக் கன்னு மஞ்சளா நின்னா உடனே யூரியா மூட்டைய தூக்காதீங்க

இந்த மாசமும் ஒரு தோட்டம் பாத்துட்டு வந்தேன், ஜவ்வாது மலை அடிவாரம், தண்ணி நிக்காத செம்மண் சரிவு, சந்தனத்துக்குன்னே அமைஞ்ச எடம். சொட்டுநீர், கம்பிவேலி, கேமரான்னு லட்சக்கணக்குல எறக்கியிருக்காங்க, ஆனா தோட்டம் முழுக்க ஒரு துணை மரம் கூட இல்ல. கன்னு இடுப்பு ஒசரம் வரல, இலை வெளுத்து நுனி காஞ்சு நிக்குது. "யூரியா போட்டோம், நுண்ணூட்டம் அடிச்சோம், ஒன்னும் கேக்கலைங்க"ன்றாரு தோட்டக்காரர். எப்படிங்க கேக்கும்?

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. மாவுச்சத்த பச்சை இலை வெச்சு அதுவே செஞ்சுக்கும், ஆனா தண்ணிக்கும் சத்துக்கும், முக்கியமா தழைச்சத்துக்கு, பக்கத்து மரத்து வேர புடிச்சாகணும். நல்லா இருக்கற தோட்டத்துல சவுக்கு வேர லேசா தோண்டிப் பாருங்க, சந்தன வேர் அதுமேல சட்டை பட்டன் சைஸுக்கு ஒட்டிட்டு இருக்கும். துணை மரமே இல்லாம உரத்த மட்டும் கொட்டுனா களைக்குத்தான் கொண்டாட்டம்.

இதச் சொன்னா எல்லாருக்கும் ஒரே பதில், "நர்சரியிலயே பாக்கெட்டுல பொன்னாங்கண்ணி வெச்சுத் தந்தாங்களே சார்". ஐயா, அது பாக்கெட்ல இருக்கற வரைக்கும், நட்டு வேர் புடிக்கற வரைக்கும் மட்டும்தான். அதையும் களைன்னு நெனச்சு நட்ட அன்னிக்கே புடுங்கி எறியறவங்க இருக்காங்க (கன்ன மூடாம அப்பப்ப நறுக்கி விட்டா போதும், புடுங்கக் கூடாது). அடுத்து துவரை, அது ரெண்டு மூணு வருஷம் தாங்கும். சந்தனம் நிக்கப் போறது பதினஞ்சு இருபது வருஷம், அதுவரைக்கும் கூட நிக்க சவுக்கு, மலைவேம்பு, புங்கம் மாதிரி ஒரு மரம் வேணும்ல? பொன்னாங்கண்ணி, துவரை, மரம்னு மூணு கட்டம். மொத கட்டத்தோட நிறுத்திட்டு ஹோஸ்ட் (சந்தனம் வேர் புடிக்கற துணைச் செடி) வெச்சாச்சுன்னு சொல்லாதீங்க, தயவுசெஞ்சு.

இன்னொரு கூட்டம், "சந்தனம் பக்கத்து மரத்த கொன்னுடும்"னு பயந்து நல்லா வந்த அகத்திய வெட்டிடுறாங்க. நல்லா நிக்கற மரத்த பொதுவா கொல்லாதுங்க, கொஞ்சம் வளத்தி கொறையலாம், அவ்ளோதான்.

துணை மரத்த நாலஞ்சு அடி தள்ளி, ரெண்டு சந்தனத்துக்கு நடுவுல ஒன்னுன்னு வைங்க. மலைவேம்பு மளமளன்னு போயி நெழல் கட்டிடும், கிளை கழிச்சு விடணும், சின்னக் கன்னுக்கு அரை நெழல் நல்லதுதான் ஆனா வளந்தப்புறம் வெயில் வேணும். ரோட்டவேட்டர் ஓட்டி தரைய சுத்தமா வெச்சிருக்கோம்னு பெருமை வேண்டாம், வேர் ஒட்டுன எடமெல்லாம் அதுலதான் அறுந்து போகுது. களைக்கொல்லி பக்கமே போகாதீங்க. தண்ணி தேங்கற வயல்ல சந்தனமே வேண்டாம், ஹோஸ்ட் இருந்தாலும் காப்பாத்த முடியாது.

இலை சின்னதா சுருங்கி, கொத்துக் கொத்தா விறைச்சு நின்னா அது வேற, ஸ்பைக் நோய். மருந்து கெடையாது, மரத்த எடுத்துடணும். குடகுல 1899லயே பதிவான நோய் அது, இன்னிக்கும் அதுக்கு ஸ்ப்ரே விக்கறவன் இருக்கான், வாங்கறவங்களும் இருக்காங்க.

கன்னு விக்கறவங்க சொல்ற கோடிக் கணக்கு பத்தி நான் எதுவும் சொல்லல. 2002 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் தமிழ்நாட்டுல பட்டா நெலத்துச் சந்தனம் நம்ம சொந்தம்தான், ஆனா வெட்ட வனத்துறை அனுமதி வேணும். அடங்கல்ல (நெலத்துல என்ன நிக்குதுன்னு எழுதற கிராமக் கணக்கு) இப்பவே ஏத்தி வைங்க, வெட்டற சமயத்துல வந்து ஓடாதீங்க.

ஏற்கனவே மஞ்சளா நிக்குதா, இந்த ஆடிப் பட்டத்துலயே கன்ன சுத்தி துவரை போடுங்க, கூடவே சவுக்கு நடுங்க. நுனி மட்டும் காஞ்சதுல பல கன்னு தேறிடும், தண்டே காஞ்சது தேறாது. அப்புறம் எனக்கு இலைய மட்டும் க்ளோஸப்ல எடுத்து வாட்ஸ்அப் பண்ணாதீங்க, கன்ன சுத்தி பத்தடிக்கு என்ன நிக்குதுன்னு தெரியற மாதிரி எடுத்து அனுப்புங்க, பாதிப் பேருக்கு போன்லயே சொல்லிடலாம்.