புகார்களை எண்ணுவதும் எடைபோடுவதும்

விவாதத் தளம் ஒன்றில் ஒரு நாளில் குவியும் பதிவுகள் அனைத்தையும் அதன் மட்டுறுத்துநர்கள், அதாவது பதிவுகளைக் கண்காணிக்கும் பொறுப்பாளர்கள், படித்து முடிப்பது நடவாத காரியம். ஆகவே வசவு, மிரட்டல், விளம்பரக் குப்பை போன்றவற்றைக் கண்டு சொல்லும் வேலை வாசகர்களிடமே விடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் இருக்கும் புகார்ப் பொத்தான் அதற்கான கருவி. அதை அழுத்தியதும் பதிவு நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தப் பதிவு ஒரு வரிசையில் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான். மனிதர் ஒருவரோ மென்பொருளோ அதைப் பார்த்து முடிவெடுத்தாக வேண்டும். இதற்குப் பல தளங்களில் ஒரு விதிவிலக்கு உண்டு. புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால், பொறுப்பாளர் எவரும் பார்க்கும் முன்பே பதிவு தானாக மறைக்கப்படும். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நெடுங்காலம் அந்த எண்ணிக்கை 6 ஆக இருந்தது: குப்பை என்றோ வசவு என்றோ ஆறு பயனர்கள் குறித்துவிட்டால் பதிவு நீக்கப்படும், எழுதியவரின் மதிப்புப் புள்ளிகளில் 100 குறையும். புகார்க் கருவியைத் தவறாகப் பயன்படுத்துவோர் குறிவைப்பது இந்த விதிவிலக்கைத்தான். அது ஏன் முதலில் நியாயமாகத் தோன்றுகிறது, எந்த இடத்தில் முறிகிறது என்பதைச் சிறிது கணக்கோடு பார்த்தால் தெளிவாகும்.

தீய நோக்கம் எதுவும் இல்லாத வாசகர்களிடமிருந்தே தொடங்கலாம். ஒரு தளத்தில் 10,000 பதிவுகள் இருப்பதாகவும், அவற்றில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 100 பதிவுகள், விதியை மீறுவதாகவும் வைத்துக்கொள்வோம். வாசகர் ஒருவர் விதிமீறிய பதிவைக் கண்டால் 20 விழுக்காடு வேளைகளில் புகார் செய்கிறார்; ஒழுங்கான பதிவைத் தவறாகப் புரிந்துகொண்டோ எரிச்சலிலோ புகார் செய்வது வெறும் 0.5 விழுக்காடு. இவர் நேர்மையானவர், கவனமானவரும்கூட. இருந்தும் எல்லாப் பதிவுகளையும் அவர் படித்து முடிக்கும்போது 20 சரியான புகார்களும், மீதமுள்ள 9,900 ஒழுங்கான பதிவுகளின்மீது ஏறத்தாழ 50 தவறான புகார்களும் சேர்ந்திருக்கும். பத்துப் புகார்களில் ஏழு பிழை. விதிமீறல் அரிதாக இருக்கும் இடத்தில் சிறிய பிழைவீதமும் பெரிய பிழைத்தொகையாகத் திரளும். 1763-இல் வெளியான தாமஸ் பேயஸின் கட்டுரை தொட்டு நிகழ்தகவுக் கணிதம் சொல்லிவருவது இதுதான். தனியொரு புகாரை நம்பி எந்தத் தளமும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இரண்டாவது வாசகர் ஒருவர் வருகிறார். முதலாமவர் என்ன செய்தார் என்று இவருக்குத் தெரியாது. இவருடைய பிழைவீதமும் அதேதான். இருவரும் புகார் செய்த பதிவுகளை மட்டும் எடுத்தால், 100 விதிமீறல்களில் 4 அதில் விழும். 9,900 ஒழுங்கான பதிவுகளில் சராசரியாக ஒன்றின் கால் பங்குதான் விழும். அப்படி இரட்டைப் புகார் பெற்ற ஒரு பதிவு உண்மையிலேயே விதியை மீறியிருப்பதற்கான வாய்ப்பு 94 விழுக்காட்டுக்கு ஏறிவிடுகிறது. மூன்றாமவரும் தனியாக அதே முடிவுக்கு வந்தால் 99.8 விழுக்காட்டையும் தாண்டும். மூன்று, நான்கு, ஆறு என்று தளங்கள் வரம்பு வைத்தது குருட்டுத்தனம் அல்ல என்பது இப்போது புரியும்.

இந்த வியப்பான ஏற்றத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதவியலர் கொந்தோர்சே 1785-இல் நிறுவிய நடுவர் குழுத் தேற்றம், ஒவ்வொரு நடுவரும் பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் சரியாகத் தீர்ப்பவராகவும் மற்றவரைச் சாராமல் தீர்ப்பவராகவும் இருந்தால், குழு பெருகப் பெருகப் பெரும்பான்மை முடிவு உண்மையை நெருங்கும் என்கிறது. மற்றவரைச் சாராமை என்ற அந்தச் சொற்றொடரில்தான் முழுப் பாரமும் இருக்கிறது. ஒரு தனிக்குழுவில் ஒருவர் இணைப்பைப் பகிர்ந்து, ‘இதை எல்லாரும் ரிப்போர்ட் பண்ணுங்கள்’ என்று எழுதியதும் 200 பேர் பொத்தானை அழுத்தினால், தளத்தின் கணக்கில் 200 புகார்கள் பதிவாகும். அவற்றில் அடங்கியிருக்கும் தீர்ப்போ ஒருவருடையது. பலர் அந்தப் பதிவைப் படித்திருக்கவே மாட்டார்கள். ஒரே சாட்சி இருநூறு முறை கூண்டில் ஏறிச் சொன்னாலும் அது இருநூறு சாட்சியம் ஆகிவிடாது.

இதை எண்ணிலும் காட்டலாம். மாதிரிக் கணக்கெடுப்பு ஆய்வுகளில், ஒன்றோடொன்று தொடர்புடைய விடைகள் எத்தனை சார்பற்ற விடைகளுக்குச் சமம் என்று கணிக்க ஒரு எளிய சூத்திரம் உண்டு: விடைகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, அதில் ஒன்றைக் கழித்து, ஒட்டுறவுக் கெழுவால் (விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வந்த தொகையால் முதல் எண்ணிக்கையை வகுக்க வேண்டும். 200 புகார்களுக்கு இடையே ஒட்டுறவு 0.1 மட்டுமே என்றாலும் அவற்றின் உண்மையான எடை 10-க்குச் சற்றுக் குறைவு. ஒட்டுறவு 0.5 ஆனால் எடை 2-தான். புகாரைத் தவறாகப் பயன்படுத்துவது என்பதை நாம் வழக்கமாக ஒழுக்கப் பிரச்சினையாகவே பேசுகிறோம். பொறியியல் நோக்கில் அது, தளம் தலைகளை எண்ணிக்கொண்டு தீர்ப்புகளை எண்ணுவதாக நம்பியிருப்பதால் வரும் அளவைப் பிழை.

இந்தப் பிழைக்குச் சதி தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சூடான விவாதம் ஒன்றில் ஒரு தரப்பினர் அனைவரும் ஒரே பதிவைப் பார்த்து, ஒரே நேரத்தில், ஒரே கோபத்தில் இருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் புகார்ப் பட்டியலில் வெறுப்புப் பேச்சு, துன்புறுத்தல், பொய்த் தகவல், குப்பை என்று சில காரணங்கள் இருக்கும். ‘இக்கருத்தை நான் ஏற்கவில்லை’ என்பது இருக்காது. ஆகவே மறுப்பு என்பது பட்டியலில் உள்ள ஏதோவொரு குற்றத்தின் வேடத்தைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறது. புகார்ப் பொத்தானைப் பற்றி ஆய்வாளர்கள் கேட் கிராஃபர்டும் டார்ல்டன் கில்லெஸ்பியும் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்தக் குறுகலான பட்டியலைத்தான் முதன்மையாகச் சுட்டியது: புகார் செய்தவர் எதை நினைத்துச் செய்தார், எவ்வளவு தீவிரமாகக் கருதினார் என்பது ஏறக்குறைய முழுதும் தொலைந்துபோய், ஒரு சொடுக்கு மட்டுமே மறுமுனையை அடைகிறது.

திட்டமிட்டுச் செய்பவர்களும் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா வியட்நாமைச் சேர்ந்த ஒரு வலையமைப்பை நீக்கியது. அந்நாட்டு அரசை வெளிப்படையாக விமர்சித்தவர்களைத் தளத்திலிருந்தே அகற்றுவதற்காக, அந்த வலையமைப்பினர் ஒவ்வொருவர்மீதும் நூற்றுக்கணக்கில், சிலர்மீது ஆயிரக்கணக்கில், பொய்ப் புகார்களை அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கையாண்ட ஒரு உத்தி கவனிக்கத்தக்கது. தாக்கப்படுபவரின் பெயரில் போலிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொண்டு, அதிலிருந்து உண்மைக் கணக்கைப் போலி என்று புகார் செய்தார்கள். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அமைத்த வாசலே ஆள்மாறாட்டக்காரருக்குப் பயன்பட்டது. பாதுகாப்புக் கருவிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. தற்கொலை எண்ணத்தில் இருப்பவராகத் தோன்றும் ஒருவருக்கு உதவித் தகவல் அனுப்பச் செய்யுமாறு ரெடிட் தளம் 2020-இல் கொண்டுவந்த வசதியை, வாதத்தில் எதிர்த்தவரைக் கேலிசெய்யும் வழியாகச் சிலர் மாற்றிக்கொண்டார்கள்.

அப்படியானால் கூட்டமாக வரும் புகார்களைப் புறக்கணித்துவிடலாமா? குரோவேஷியாவின் க்னின் நகரை வைத்து உருவாக்கப்பட்ட ஒரு கேலிச்சித்திரக் காணொளி அதற்கு மறுமொழி. செர்பிய இனத்தவரை எலிகளாகக் காட்டிய அந்தக் காணொளியைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஏறத்தாழ 400 பேர் புகார் செய்தார்கள். பெரும்பாலான புகார்கள் மனிதர் பார்க்காமலே தானாக மூடப்பட்டன, பார்த்த மதிப்பாய்வாளர்களும் விதிமீறல் இல்லை என்றே முடிவுசெய்தார்கள். மெட்டாவின் முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் மேற்பார்வை வாரியம் 2022-இல் அதை வெறுப்புப் பேச்சு என்று தீர்ப்பளித்தது. பெருந்திரளான புகார் பொய் என்பதற்கும் சான்று அல்ல, மெய் என்பதற்கும் சான்று அல்ல.

தவறாகப் புகார் செய்பவர் வெற்றிபெற, மதிப்பாய்வில் அவர் வெல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. தாமதம் போதும். புகார் செய்ய ஒரு நொடி ஆகும். அதைப் படித்து, முன்பின் உரையாடலைப் பார்த்து, விதியோடு ஒப்பிட்டு முடிவெடுக்கச் சில நிமிடங்கள் ஆகும். இந்த ஏற்றத்தாழ்வு, காத்திருப்பு வரிசைகளை ஆராயும் கணிதமான வரிசைக் கோட்பாட்டின் மிகக் கடுமையான ஒரு பண்பைத் தூண்டிவிடுகிறது. மணிக்கு 100 புகார்களைத் தீர்க்கக்கூடிய ஒரு குழுவுக்கு, ஒழுங்கற்ற இடைவெளிகளில் மணிக்கு 80 புகார்கள் வந்தால், எளிய மாதிரியின்படி ஒரு புகார் தீர்வதற்குச் சராசரியாக 3 நிமிடம் ஆகும். வரத்து 95 ஆனால் 12 நிமிடம். 99 ஆனால் ஒரு மணி நேரம். வரத்து நான்கில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, காத்திருப்பு இருபது மடங்கு கூடிவிட்டது. நூறைத் தாண்டினால் வரிசை தீரவே தீராது. இந்த நெரிசலில், மெய்யாகவே மிரட்டப்பட்ட ஒருவரின் புகாரும் நூற்றுக்கணக்கான பொய்களுக்குப் பின்னால் நிற்கிறது. தானாக மறைக்கப்பட்ட ஒழுங்கான பதிவும் மறைந்தே கிடக்கிறது. விவாதம் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் சில மணி நேரம்தான் என்பதால், இரண்டு நாள் கழித்து மன்னிப்போடு மீட்கப்படும் பதிவை யாரும் படிக்கப்போவதில்லை. முடிவின் துல்லியத்தைப் பற்றி அறிக்கைகள் வெளியிடும் தளங்கள், முடிவுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தையும் அதே அக்கறையோடு வெளியிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பிழையான முடிவு அந்த ஒரு பதிவோடு நின்றுவிடுவதும் இல்லை. கொலம்பியக் காவல்துறையை விமர்சித்த ஒரு கேலிச்சித்திரம், ஃபேஸ்புக்கில் நீக்கப்பட வேண்டிய படங்களின் தானியங்கித் தொகுப்பில் தவறுதலாகச் சேர்க்கப்பட்டபோது, அதே படத்தைப் பகிர்ந்த மற்றவர்களின் பதிவுகளையும் இயந்திரம் நீக்கத் தொடங்கியது. 215 பேர் மேல்முறையீடு செய்தார்கள், அவற்றில் 98 விழுக்காடு வென்றன. இருந்தும் விவகாரம் மேற்பார்வை வாரியத்துக்குப் போகும்வரை அந்தப் படம் தொகுப்பிலேயே இருந்தது. அங்கே தவறியது மனித மதிப்பாய்வு. ஆனால் ஏமாற்றப்பட்ட மதிப்பாய்வும் இதே வழியில்தான் பெருகும்.

தீர்வுகளில் பரவலானது, புகார் செய்பவரின் கடந்தகால வரலாற்றைக் கொண்டு அவருடைய புகாருக்கு எடை கொடுப்பது. பிரெஞ்சுக் கணிதவியலர் லாப்லாஸின் பழைய விதி ஒன்று இதற்குப் போதும்: சரியான புகார்களோடு 1 கூட்டி, மொத்தப் புகார்களோடு 2 கூட்டி வகுக்க வேண்டும். புதிய கணக்குக்கு எடை 0.5, பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னவருக்கு 0.83, நாற்பதில் இரண்டு மட்டும் சரியாகச் சொன்னவருக்கு 0.07. தலைகளுக்குப் பதிலாக இந்த எடைகளைக் கூட்டி வரம்போடு ஒப்பிட்டால், பழக்கமாகப் பொய்ப் புகார் செய்பவர்கள் தண்டனை ஏதும் இன்றியே செல்வாக்கை இழப்பார்கள். டிஸ்கோர்ஸ் என்ற விவாத மென்பொருள் இதையொட்டிய முறையில் இயங்குகிறது. வந்த புகாரை மட்டுறுத்துநர் ஏற்கலாம், மறுக்கலாம், பொருட்படுத்தாமலும் விடலாம். மூன்றாவது தெரிவு மிகப் பயனுள்ளது: நல்லெண்ணத்தோடு தவறியவரை அது பொய்யரோடு சேர்ப்பதில்லை.

இந்த எடை எதை அளக்கிறது என்பதில் எச்சரிக்கை வேண்டும். அது உண்மையோடு உள்ள பொருத்தத்தை அளப்பதில்லை, மட்டுறுத்துநரோடு உள்ள பொருத்தத்தை அளக்கிறது. மட்டுறுத்துநர் ஒருபக்கம் சாய்ந்தவர் என்றால் நேர்மையானவரின் எடைதான் குறையும். தவிரவும், பொறுமையுள்ள ஒருவர் வெளிப்படையான விளம்பரக் குப்பைகளைப் பல மாதம் புகார் செய்து நற்பெயரைச் சேமித்துவைத்து, வேண்டிய நாளில் அதைச் செலவிடலாம். சரியான விடை எது என்று முன்கூட்டித் தெரியாத நிலையிலும் பல மதிப்பீட்டாளர்களின் பிழைவீதத்தைக் கணிக்கும் முறை ஒன்றைப் புள்ளியியலர்கள் டேவிடும் ஸ்கீனும் 1979-இல், மருத்துவர்களின் மதிப்பீடுகளை ஆராயும்போது முன்வைத்தார்கள். மட்டுறுத்துநரையும் பிழைசெய்யக்கூடிய மதிப்பீட்டாளருள் ஒருவராகவே நடத்த அது வழிவகுக்கிறது. அதுவும் சார்பற்ற தீர்ப்புகளையே எதிர்பார்க்கிறது என்பதால், ஒட்டுறவை வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கு வலைப்பின்னல் பகுப்பாய்வு உதவுகிறது. ஒருபக்கம் புகார் செய்தவர்கள், மறுபக்கம் புகாருக்கு உள்ளான பதிவுகள், இடையே நேரக்குறியோடு கோடுகள் என்று வரைந்தால், தற்செயலாக அமைய முடியாத அடர்த்தியான திட்டுகள் தென்படும். ஒரே குழு ஒரே இலக்குகளின்மீது குறுகிய நேரத்தில் இயங்குவதைக் கண்டறியும் காப்பிகேட்ச் என்ற முறையை ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள்; போலி விருப்பக்குறிகளைப் பிடிக்க உருவான அந்த எண்ணம் புகார்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு சிறு சமூகத்தை ஒருவர் தொடர்ந்து தாக்கும்போது, அச்சமூகத்தினர் அனைவரும் சேர்ந்து செய்யும் நேர்மையான புகார்களும் இதே திட்டாகத்தான் தெரியும். ஆகவே திட்டைக் கண்டதும் கணக்குகளை முடக்குவது அநீதியாகிவிடும். அந்தத் திட்டு முழுவதையும் ஒன்றிரண்டு புகார்களின் எடையுள்ளதாகச் சுருக்கி, தானியங்கி மறைப்பை நிறுத்தி, மனிதர் ஒருவரின் பார்வைக்கு முன்னுரிமையோடு அனுப்புவதே தக்கது.

நடுவரைத் தாமாக முன்வரவிடாமல் தளமே தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. தொழில்நுட்பச் செய்தித் தளமான ஸ்லாஷ்டாட் 1990-களின் இறுதியிலேயே வழக்கமான வாசகர்களுள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, விரைவில் காலாவதியாகும் சில மதிப்பீட்டுப் புள்ளிகளை மட்டும் கொடுத்தது. அவர்கள் அளித்த மதிப்பீடு நியாயமா என்று வேறு வாசகர்கள் சரிபார்த்தார்கள். யார் தீர்ப்பார் என்று முன்கூட்டித் தெரியாதபோது ஆள்திரட்டிப் பயனில்லை.

சட்டமும் இதே அளவுகளை நாடியிருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாகச் செயல்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், வெளிப்படையாகவே ஆதாரமற்ற புகார்களை அடிக்கடி அனுப்புவோருக்கு முதலில் எச்சரிக்கை விடுத்து, பின் நியாயமான காலத்துக்கு அவர்களுடைய புகார்களைக் கையாள்வதை நிறுத்திவைக்கத் தளங்களைப் பணிக்கிறது. அப்படிச் செய்யும்போது, குறிப்பிட்ட காலத்தில் அனுப்பிய ஆதாரமற்ற புகார்களின் எண்ணிக்கை, மொத்தப் புகார்களில் அவற்றின் விகிதம், விளைந்த தீங்கின் கடுமை ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று 23-ஆம் பிரிவு கூறுகிறது. நான்காவதாக, கண்டறிய முடிந்தால் மட்டும், அனுப்பியவரின் நோக்கத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.